எருமைக்குத் தெரிந்த பள்ளம்

தேக்காவின் பழைய மலாய்ப் பெயர் கண்டாங் கெர்பாவ். எருமைத் தொழுவம் என்று பொருள். சிராங்கூன் சாலையோரம் அப்போது தண்ணீர் தேங்கும் தாழ்நிலம். எருமைக்கு அதுதானே வேணும்! பள்ளத்தை மனுசன் மறக்கலாம், தண்ணீர் மறக்காது.

1978 டிசம்பர் தொடக்கத்தில் சிங்கப்பூரில் 24 மணி நேரத்தில் 512 மி.மீ. மழை கொட்டியது, ஏழு பேர் இறந்தார்கள். இன்று பொதுப் பயனீட்டுக் கழகம் ராடார், கால்வாய் உணரிகள், கேமராக்கள் வைத்துக் கண்காணிக்கிறது; டெலிகிராமில் எச்சரிக்கிறது. செயற்கை நுண்ணறிவு இன்னும் முன்கூட்டியே சொல்லக்கூடும். நல்லதுதான்.

நான் கேட்பது ஒன்றுதான்: ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவுக்கு வரும் தமிழ்த் தொழிலாளிக்கு அது தமிழில் போய்ச் சேருமா? கணித்ததோடு பொறுப்பு முடியாது. எந்தப் பக்கம் ஒதுங்கணும்னு அவருக்குப் புரிஞ்சாதான் அது எச்சரிக்கை.