வழி சொல்ல ஒருவர், வண்டி ஓட்ட ஒருவர்

லாரிக்கு டிரைவர் ஒருவர் போதுமே, கிளீனர் எதற்கு? டயர் மாற்ற, தார்ப்பாய் கட்ட, ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று "வா வா வா... போதும் போதும்!" என்று கத்த. எல்லாம் சரிதான். ஆனால் கிளீனருக்கு இன்னொரு வேலையும் உண்டு. அதை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. வழி கேட்கிற வேலை!

ஆரணிக்கு நெல் மூட்டையோடு வருகிற லாரியை எடுத்துக்கொள்ளுங்கள். (பட்டுக்கு அடுத்தபடியாக அந்த ஊருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது அரிசிதான்.) வேலூர், ஆற்காடு, செய்யாறு, வந்தவாசி, சேத்துப்பட்டு, போளூர் என்று ஆரணியிலிருந்து நாலா பக்கமும் சாலை பிரிகிறது. புது டிரைவர் என்றால் கிளீனர் ஜன்னல் வழியே தலையை நீட்டி டீக்கடையில் கேட்பார். "அண்ணே, மில்லுக்கு எந்தப் பக்கம்?" "நேரா போயி, ஆலமரத்தாண்ட சோத்தாங்கை பக்கம் திரும்புப்பா" என்று பதில் வரும். இவ்வளவும் நடக்கும்போது டிரைவரின் கண் ரோட்டை விட்டு நகராது. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். இங்கே கிளீனரின் வாயால் லாரியே பிழைத்தது.

இப்போது பல லாரிகளில் கிளீனர் கிடையாது. கார்களில் எப்போதுமே கிடையாது. அந்த இடத்துக்கு வந்திருப்பது டேஷ்போர்டில் பதித்த ஒரு திரை. செயற்கைக்கோளைக் கேட்டு வழி சொல்லும் பெட்டி. கார் கம்பெனிகள் நூறு வருடத்துக்கு மேலாகச் செய்து வந்த முயற்சி, சுருக்கமாகச் சொன்னால், கிளீனரை ஒரு பெட்டிக்குள் அடைப்பதுதான். அடைத்தும் விட்டார்கள். ஆனால் வழி சொல்கிற வாயை மட்டும் வைக்காமல், டிரைவர் கண் முன்னால் ஒரு படத்தையும் சேர்த்து மாட்டிவிட்டார்கள். சிக்கலே அங்கேதான் ஆரம்பம்.

தறியில் இந்தச் சிக்கல் இல்லை

ஆரணி என்றால் சரித்திரப் புத்தகத்தில் 1751 டிசம்பரில் ராபர்ட் கிளைவ் ஜெயித்த சண்டை. மற்றபடி எல்லோருக்கும் பட்டுப் புடவை. புவிசார் குறியீடு வாங்கிய பட்டு அது. அந்தத் தறியையே ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

நெசவாளி பார்க்க வேண்டியது துணியை. எங்கே இழை அறுந்தது, ஊடை சரியாக விழுந்ததா என்று கண் அங்கேயே இருக்க வேண்டும். அப்படியானால் அடுத்த வரியில் எந்த இழை மேலே போக வேண்டும் என்கிற டிசைன் கணக்கை யார் பார்ப்பது? தலைக்கு மேலே இருக்கிற ஜக்கார்டு பெட்டி பார்த்துக்கொள்ளும். பிரான்ஸில் லியோன் நகரத்து ஜோசப் மரி ஜக்கார்டு 1804ல் காப்புரிமை வாங்கிய இயந்திரம் அது. ஓட்டை போட்ட அட்டைகளைக் கோர்த்து மாட்டிவிட்டால், மிதியை மிதிக்க மிதிக்க ஒவ்வொரு அட்டையாக வரும். நெசவாளி அட்டையைப் படிக்க வேண்டியதில்லை. நிமிர்ந்து பார்க்கக்கூட வேண்டியதில்லை. கோர்வைப் புடவை என்றால் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து ஒரு பக்கக் கரையின் நாடாவைப் பார்த்துக்கொள்வார்.

ஆக, தறிக்காரர்கள் வெகு காலம் முன்பே ஒரு விஷயத்தில் தெளிவாக இருந்திருக்கிறார்கள். வேலை செய்கிற கண்ணுக்கு வழி பார்க்கிற வேலையைக் கொடுக்கக் கூடாது. அதை அட்டையிடமோ பக்கத்து ஆளிடமோ ஒப்படைக்க வேண்டும்.

தட்டிலிருந்து செயற்கைக்கோள் வரை

வேடிக்கை என்னவென்றால், காருக்கு வந்த முதல் வழிகாட்டிகளில் ஒன்றும் கிட்டத்தட்ட ஜக்கார்டு அட்டை மாதிரிதான் இருந்தது. 1909ல் அமெரிக்காவில் ஜோன்ஸ் லைவ் மேப் என்று ஒரு கருவி வந்தது. வட்டமான காகிதத் தட்டின் விளிம்பில் எத்தனையாவது மைலில் எங்கே திரும்ப வேண்டும் என்று அச்சடித்திருக்கும். கார் சக்கரத்திலிருந்து ஒரு கேபிள் வந்து அந்தத் தட்டைச் சுற்றும். ஒரு தட்டு சுமார் 100 மைலுக்கு வரும். அப்புறம் அடுத்த தட்டை மாட்ட வேண்டும். 1930 வாக்கில் இத்தாலியில் வந்த இட்டர் ஆட்டோ என்ற கருவியில் தட்டுக்குப் பதில் சுருள் மேப். கார் போகப் போகச் சுருள் தானாக நகரும். வேறு சாலையில் திரும்பிவிட்டால் சுருளை மாற்றியாக வேண்டும், அவ்வளவுதான் கஷ்டம்!

1981ல் ஜப்பானில் ஹோண்டா நிறுவனம் எலக்ட்ரோ கைரோகேட்டர் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. செயற்கைக்கோள் உதவி கிடையாது. கார் எவ்வளவு தூரம் போனது, எந்தப் பக்கம் திரும்பியது என்பதைக் கருவியே கணக்குப் போட்டு, சின்னத் திரைமேல் வைத்த கண்ணாடித்தாள் மேப்பில் ஒரு புள்ளியாகக் காட்டும். 1985ல் கலிஃபோர்னியாவில் ஈடக் நேவிகேட்டர் வந்தது. அதில் மேப் இருந்தது கேசட்டில். ஆமாம், பாட்டு கேட்கிற மாதிரி டேப் கேசட்!

கார் ஓடும்போது டிரைவர் திரையைப் பார்ப்பது சரியா என்ற கேள்வி அப்போதே எழுந்துவிட்டது. 1989ல் எம்.ஐ.டி.யில் ஜேம்ஸ் டேவிஸ் என்ற ஆராய்ச்சி மாணவர் திரையே இல்லாத ஒரு வழிகாட்டியைச் செய்தார். பாஸ்டன் தெருக்களில் போகும்போது எங்கே திரும்ப வேண்டும் என்று குரலிலேயே சொல்லும். அதற்கு அவர் வைத்த பெயர் "பேக் சீட் டிரைவர்", அதாவது பின் சீட்டில் உட்கார்ந்துகொண்டு வண்டி ஓட்டுகிறவர். நம்ம ஊர்க் கணக்கில் கிளீனர்.

ஆனால் சந்தையில் ஜெயித்தது திரைதான். 1990ல் ஜப்பானில் மாஸ்டாவின் யூனோஸ் காஸ்மோ கார், ஜி.பி.எஸ். வழிகாட்டி உள்ளேயே பதித்து விற்பனைக்கு வந்தது. அந்தக் காலத்தில் சாதாரண மக்களுக்குக் கிடைத்த ஜி.பி.எஸ். சிக்னலில் அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே பிழையைக் கலந்து வைத்திருந்தது. கிட்டத்தட்ட 100 மீட்டர் வரை பிசகும். ஆரணி மாதிரி ஊரில் 100 மீட்டர் பிசகினால் ஒரு நெசவாளர் தெருவுக்குப் பதில் அடுத்த தெருவுக்குப் போய் நிற்க வேண்டியதுதான். 2000 மே மாதம் அந்தப் பிழையை நிறுத்தினார்கள். அதற்கப்புறம்தான் கார் வழிகாட்டி உலகம் முழுக்கப் பரவியது. இந்தியாவும் 2013 முதல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தன் சொந்த வழிகாட்டிச் செயற்கைக்கோள்களை அனுப்பியது. 2016ல் அதற்கு நாவிக் என்று பெயர் வைத்தார்கள்.

இரண்டு செகண்ட், ஆறு புடவை

சரி, திரையைப் பார்த்தால் அப்படி என்ன ஆகிவிடும்? ஒரு நொடி பார்த்துவிட்டுத் திரும்பினால் போதாதா?

இதைக் கணக்குப் போட்டே பார்க்கலாம். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் ஒரு செகண்டில் 16 மீட்டருக்கு மேல் போகும். இரண்டு செகண்ட் கண்ணை எடுத்தால் 33 மீட்டர். ஆறு கஜப் புடவை சுமார் ஐந்தரை மீட்டர். அப்படியானால் ஆறு பட்டுப் புடவைகளை ரோட்டில் நீளவாக்கில் விரித்து வைத்தால் எவ்வளவு தூரமோ, அவ்வளவு தூரமும் கார் கண்ணைக் கட்டிக்கொண்டு போகிறது என்று அர்த்தம். அந்த ஆறு புடவை தூரத்துக்குள் ஒரு டிவிஎஸ் 50 குறுக்கே வரலாம். ஸ்கூல் விட்ட பிள்ளைகள் வரலாம்.

இந்த இரண்டு செகண்ட் சும்மா எடுத்துக்கொண்ட எண் இல்லை. அமெரிக்காவின் வர்ஜீனியாவில் நூறு கார்களில் கேமரா பொருத்தி, ஒரு வருடத்துக்கு மேல் டிரைவர்களைக் கவனித்தார்கள். 2006ல் வெளியான முடிவு: ரோட்டிலிருந்து இரண்டு செகண்டுக்கு மேல் கண்ணை எடுத்தால், மோதும் அல்லது மோதலின் விளிம்புக்குப் போகும் ஆபத்து குறைந்தது இரண்டு மடங்கு ஆகிறது.

2013ல் அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம், காரிலேயே பதித்து வரும் திரைகளுக்கென்று வழிகாட்டு நெறிகள் வெளியிட்டது. ஒரு பார்வை இரண்டு செகண்டுக்குள் முடிய வேண்டும். ஒரு வேலை முழுவதுக்கும் சேர்த்து 12 செகண்டுக்கு மேல் கண் போகக் கூடாது. இதுவும் கட்டாயச் சட்டம் இல்லை, கம்பெனிகள் விரும்பினால் பின்பற்றலாம். ஜப்பான் முன்னதாகவே விழித்துக்கொண்டது. அங்கே கார் உற்பத்தியாளர் சங்கம் 1990லேயே இதற்கு நெறிகள் வகுத்தது. 1999ல், வண்டி ஓடும்போது திரையை உற்றுப் பார்ப்பதையே போக்குவரத்துச் சட்டம் தடை செய்தது. சில கார்களில் வண்டி நகர ஆரம்பித்தாலே ஊர்ப்பெயர் தட்டும் பட்டன்கள் மங்கிப் போவது இதனால்தான். "காசு கொடுத்து வாங்கினது, வேலை செய்ய மாட்டேங்குதே" என்று பலர் திட்டுவார்கள். உண்மையில் அது கோளாறு இல்லை, காவல்.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் கதை வேறு மாதிரி போனது. டேஷ்போர்டில் பதித்த வழிகாட்டி விலை உயர்ந்த கார்களில்தான் முதலில் வந்தது. பெரும்பாலான மக்களுக்கு மேப் வந்தது கைப்பேசி வழியாக. அதனால் சட்டமும் கைப்பேசியைப் பார்த்துத்தான் எழுதப்பட்டது.

2019ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது, கையில் பிடிக்கும் தொடர்புக் கருவியை ஓட்டும்போது பயன்படுத்துவது 184ஆம் பிரிவில் அபாயகரமான ஓட்டுதல் என்று சேர்க்கப்பட்டது. முதல் தடவைக்கு 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். அப்படியானால் மேப் பார்ப்பவர்கள் எல்லோரும் குற்றவாளிகளா? 2020 அக்டோபர் 1 முதல் அமலுக்கு வந்த விதி அதற்குப் பதில் சொன்னது. வழி பார்ப்பதற்கு மட்டும் பயன்படுத்தலாம், அதுவும் டிரைவரின் கவனம் கலையாத விதத்தில்.

இதில் ஒரு இடைவெளி இருப்பதைக் கவனியுங்கள். சட்டம் பெயர் சொல்வது கையில் பிடிக்கும் கருவியை. காரோடு பதித்து வரும் திரை கையில் பிடிப்பது இல்லையே! 2014ல் ஆப்பிள் கார்ப்ளே, 2015ல் ஆண்ட்ராய்டு ஆட்டோ வந்த பிறகு, கைப்பேசியின் மேப்பே காரின் பெரிய திரையில் தெரிகிறது. கண் போகும் தூரம் ஒன்றுதான், எடுக்கும் நேரமும் ஒன்றுதான். ஒன்றுக்குப் பெயர் சொல்லித் தடை, இன்னொன்று கார் கம்பெனியின் விளம்பரத்தில் சிறப்பு அம்சம்.

2022ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அந்த வருடம் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105. இதில் திரையால் நடந்தது எத்தனை என்று பிரிப்பது கஷ்டம். கண் ஒரு செகண்ட் எங்கே போனது என்பதை எந்த எஃப்.ஐ.ஆரும் எழுதுவதில்லை.

இரண்டு ஆரணி

ஆபத்து எந்த நேரத்தில் அதிகம்? அம்புக்குறியைப் பார்க்கும்போது அல்ல, ஊர்ப்பெயரைத் தட்டும்போது. ஆரணியே நல்ல உதாரணம். தமிழ்நாட்டில் ஆரணி இரண்டு! திருவண்ணாமலை மாவட்டத்தில் பட்டு நெய்கிற ஆரணி ஒன்று. திருவள்ளூர் மாவட்டத்தில், பொன்னேரி பக்கம், ஆரணி என்று ஒரு பேரூராட்சி இன்னொன்று. பக்கத்திலேயே ஆரணி ஆறும் ஓடுகிறது. சென்னையிலிருந்து ஒன்று தென்மேற்கே, மற்றது வடக்கே. ஆங்கிலத்தில் ஊர்ப்பெயரை இரண்டு விதமாக வேறு எழுதுகிறார்கள்.

கல்யாணப் புடவை எடுக்கச் சென்னையிலிருந்து கிளம்பும் குடும்பம், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஊர்ப்பெயரைத் தட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டியல் வருகிறது. எந்த ஆரணி என்று படித்துத் தேர்ந்தெடுக்க இரண்டு செகண்ட் போதுமா? 12 செகண்ட் ஆனால் அது 200 மீட்டர். முப்பத்தாறு புடவை!

திரையை நம்பியே போவதிலும் ஆபத்து உண்டு. 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில் பரேலி பக்கம், மேப் காட்டிய வழியில் போன கார் பாதியில் நின்ற பாலத்திலிருந்து ராம்கங்கா ஆற்றில் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். பாலம் அறுந்திருப்பது மேப்புக்குத் தெரியாது. டீக்கடை அண்ணனுக்குத் தெரிந்திருக்கும்.

அதற்காக பெட்டியைக் கழற்றி எறிய வேண்டியதில்லை. அதைக் கிளீனராகவே வைத்துக்கொண்டால் போதும். கிளம்பும் முன்பே ஊரைத் தட்டி, மாவட்டத்தையும் சரிபார்த்துவிட வேண்டும். குரலை ஆன் செய்ய வேண்டும். 2018லிருந்து கூகுள் மேப்ஸ் தமிழிலேயே வழி சொல்கிறது. நடுவில் வழி மாற்ற வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவர் மாற்றட்டும். தனியாக வருகிறவர் ஒரு புளியமரத்தடியில் ஓரம் கட்டட்டும். ஐந்து நிமிடம் தாமதமாகப் போனால் எந்தப் புடவையும் தீர்ந்து போய்விடாது.