ஈமாக்ஸும் அடையாள அட்டையின் கடைசி எழுத்தும்

பாமினியில் டைப் பண்ணின ஒரு கோப்பை, பாமினி எழுத்துரு இல்லாத கொம்பியூட்டரில் திறந்து பார்த்திருக்கிறீங்களா? 'தமிழ்' இருந்த இடத்தில் ஜே, கே, பி, ஓ, கடைசியில் ஒரு அரைப்புள்ளி. 'கொழுந்து' இருந்த இடத்தில் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் கலந்த ஆங்கிலக் குப்பை. பதுளை, பசறை, ஹாலிஎல, பண்டாரவளைப் பக்கத்து கொமியூனிகேஷன் கடைகளில் டைப் செய்யப்பட்ட மரணாதார சங்க அங்கத்தவர் பட்டியல், கோயில் திருவிழா நன்கொடைக் கணக்கு, முன்பள்ளிப் பெயர்ப்பட்டியல் என்று எவ்வளவோ இப்படித்தான் பழைய பென்டிரைவுகளில் கிடக்கின்றன. அச்செடுத்தால் தமிழ். தேடினால் தமிழ் இல்லை.

இதை யூனிகோடுக்கு மாற்ற இணையத்தில் கருவிகள் இருக்கு, ஒட்டினால் மாற்றித் தந்துவிடும். ஆனா தோட்டத்துப் பட்டியல் ஒன்றை அப்படி மாற்றினால் ஒரு வேடிக்கை நடக்கும். பழைய அடையாள அட்டை இலக்கம் ஒன்பது இலக்கமும் கடைசியில் ஆங்கில 'வி'யும் கொண்டது. பாமினியில் பெரிய எழுத்து 'வி' என்பது 'ஏ'. சிலருடைய அட்டையில் 'எக்ஸ்' இருக்கும், அது 'ஓ'. அதனால் பட்டியலில் உள்ள அத்தனை பேருடைய அடையாள அட்டையும் ஏ என்றும் ஓ என்றும் முடியும். கருவியைச் செய்தவர் மேல் தப்பு சொல்ல ஏலாது. அவருடைய கோப்பில் அடையாள அட்டை இலக்கம் இருந்திருக்காது, அவ்வளவுதான்.

யாருடைய கோப்பில் பிரச்சினை இருக்கோ அவரே கருவியை மாற்றிக்கொள்ள முடியுமா என்ற கேள்வி, கணினி உலகத்தில் ஐம்பது வருடத்துக்கு மேல் பழையது. அந்தக் கேள்விக்குள் இருந்து வந்த ஒரு எடிட்டரின் கதையைத்தான் எழுதப் போறேன்.

1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் டான் மர்ஃபி என்பவர் டீகோ என்ற எடிட்டரை எழுதினார். அப்போது நிரல்கள் துளையிட்ட காகித நாடாவில் இருந்தன, திரை கிடையாது. இந்த எழுத்தைத் தேடு, அதை அழி, இதைச் செருகு என்று கட்டளைகளை ஒரு சரமாக எழுதிக் கொடுக்கணும். பார்க்க அசிங்கமான மொழி. ஆனா அந்தக் கட்டளைச் சரத்தைச் சேமித்து வைத்து மறுபடி ஓட்டலாம் என்பதால், அது கிட்டத்தட்ட ஒரு நிரல் மொழியாகவே ஆகிவிட்டது. 1970களில் திரைகள் வந்தன. எம்.ஐ.டி.யின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் ஆளாளுக்குத் தங்கள் வசதிக்கு இந்தச் சரங்களை எழுதி வைத்துக்கொண்டார்கள். ஒருவருடைய எடிட்டரில் மற்றவர் வேலை செய்ய முடியாத அளவுக்கு அது போனது. 1976இல் கை ஸ்டீல், டேவிட் மூன், ரிச்சர்ட் ஸ்டால்மன் ஆகியோர் இவற்றைச் சேர்த்து ஒழுங்காக்கினார்கள். 'எடிட்டிங் மேக்ரோஸ்' என்பதன் சுருக்கமாக ஈமாக்ஸ் என்று பெயர் வந்தது. ஸ்டால்மன் அதைக் கொடுக்கும்போது ஒரு நிபந்தனை வைத்தார்: நீங்க செய்யும் மேம்பாட்டைத் திருப்பிக் கொடுக்கணும்.

அதே 1976இல் கலிபோர்னியாவில் பில் ஜாய் விஐ என்ற இன்னொரு எடிட்டரை எழுதினார். மெதுவான தொலைபேசி இணைப்பில், ஒவ்வொரு எழுத்தும் தவணை முறையில் வருவது மாதிரி வரும் திரையில் எழுதியது. அதனால்தான் அதன் கட்டளைகள் எல்லாம் ஒற்றை எழுத்து. சிக்னல் ஒரு கோடு இருக்கும் லயத்தில் இருந்து வேலை செய்கிறவருக்கு இந்தச் சிக்கனம் உடனே விளங்கும். அதன் வழியில் நெதர்லாந்துக்காரரான பிராம் மூலினார் 1991இல் விம் எடிட்டரை வெளியிட்டார். பிடித்திருந்தால் உகண்டாவின் கிபாலேயில் உள்ள பிள்ளைகளுக்கு உதவுங்கள் என்று அதிலேயே கேட்டிருந்தார். 2023 ஓகஸ்டில் இறக்கும் வரை அந்த வரி இருந்தது. விம்மில் பிழைக்கிறவர்கள் கோபிக்க வேண்டாம், கீழே சொல்லும் வேலைகளில் பெரும்பாலானவற்றை அதிலும் செய்யலாம்.

எனக்கு இந்த வரலாற்றில் மிகப் பிடித்த ஆட்கள் மேலே சொன்ன யாரும் இல்லை, பெயர் பதிவாகாத சில அலுவலகச் செயலாளர்கள். 1978இல் ஹனிவெல் கம்பனியில் பெர்னார்ட் கிரீன்பெர்க், மல்டிக்ஸ் என்ற கணினி அமைப்புக்கு ஈமாக்ஸை லிஸ்ப் மொழியில் புதிதாக எழுதினார். அலுவலகச் செயலாளர்களும் கடிதம் டைப் பண்ண அதைப் பாவிக்கத் தொடங்கினார்கள். அவர்களுக்குக் கிடைத்த கையேட்டில், எடிட்டரை உங்கள் தேவைக்கு ஏற்ப எப்படி நீட்டிக்கொள்வது என்று இருந்தது. 'இது புரோகிராமிங்' என்று மட்டும் எங்கேயும் இருக்கவில்லை. புரோகிராமிங் நமக்கு வராது என்று நம்பியிருந்தவர்கள், அது புரோகிராமிங் என்று தெரியாமலேயே செய்தார்கள். கற்றும்கொண்டார்கள். ஸ்டால்மன் பின்னாளில் ஓர் உரையில் சொன்ன கதை இது.

'எனக்கு ஐ.டி. வராது அண்ணே, நான் ஆர்ட்ஸ்' என்று சொல்லும் தங்கச்சிமார் நம்ம தோட்டங்களில் எத்தனை பேர்! அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு 1978லேயே ஓர் உதாரணம் இருக்கு.

பிறகு நடந்தது சண்டை. ஜேம்ஸ் கோஸ்லிங் (ஜாவாவை உருவாக்கினாரே, அவர்தான்) 1981இல் யூனிக்ஸுக்கு ஒரு ஈமாக்ஸ் எழுதினார். முதலில் இலவசமாகக் கொடுத்தார், பிறகு யூனிபிரஸ் என்ற கம்பனிக்கு விற்றார். ஸ்டால்மன் 1984இல் குனு ஈமாக்ஸைத் தொடங்கி 1985இல் வெளியிட்டார். அதில் கோஸ்லிங்கின் நிரல் கொஞ்சம் இருந்தது. யூனிபிரஸ் எதிர்க்க, சில மாதங்களில் அந்தப் பகுதிகளை முழுக்கத் திருப்பி எழுதினார். இன்று நாம் இறக்கிக்கொள்ளும் ஈமாக்ஸ் அந்த வழியில் வந்தது. எட்டு மெகாபைட் நினைவகத்தைத் தின்றுவிட்டுத் திணறுகிறது என்று அப்போது அதைக் கேலி செய்தார்கள். உங்கள் கையில் உள்ள போனில் அதைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு இருக்கு.

ஆரம்ப கால அமேசன் கம்பனியில் வாடிக்கையாளர் கடிதங்களுக்குப் பதில் எழுதியவர்களும் ஈமாக்ஸில்தான் வேலை செய்தார்கள். ஷெல் கப்பன் தொடங்கிய 'மெயில்மேன்' என்ற அந்தக் கருவியின் மேல்பகுதி ஈமாக்ஸ் லிஸ்ப்பில் இருந்தது. பிறகு வேறு மென்பொருள் வந்தபோது, நிரலே எழுதத் தெரியாத ஊழியர்கள் மெயில்மேன் போய்விட்டதே என்று வருடக்கணக்காகக் குறைபட்டார்கள் என்று அங்கு வேலை செய்த ஸ்டீவ் யெகி எழுதியிருக்கிறார்.

சரி, இதெல்லாம் மசாசூசெட்ஸ், சியாட்டில். ஊவாவுக்கும் இதுக்கும் என்ன?

ஊவாத் தோட்டங்களின் வரலாற்றை எழுத்தை வைத்துப் பார்த்தால், நம்மைப் பற்றி எழுதப்பட்டது எல்லாம் நம்ம கையில் இல்லாத தாள்களில்தான். பிரட்டுக்களத்தில் காலையில் பேர் போடும் செக்ரோல் கணக்கப்பிள்ளையின் கையில். முழுப்பேரா அரைப்பேரா என்பது அவர் போடும் கோட்டில். அதற்கும் முன் 'துண்டு' இருந்தது: இந்த ஆளின் கடன் இவ்வளவு, கட்டினால் விடுவோம் என்று துரை எழுதிக்கொடுக்கும் சீட்டு. அது இல்லாமல் இன்னொரு தோட்டத்தில் பதிய முடியாது. 1921ஆம் ஆண்டுச் சட்டம்தான் அதை ஒழித்தது. ரயில் பதுளைக்கு வந்ததே 1924இல்தான், அதற்கு மூன்று வருடம் முன்பு வரைக்கும் துண்டு சட்டபூர்வமாக இருந்திருக்கு. 1948இல் குடியுரிமை போனது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தால், இத்தனை வருடம் இங்கே இருந்தோம் என்று தாள் காட்டணும். சுமார் எட்டே கால் லட்சம் பேருக்காக விண்ணப்பிக்கப்பட்டது. கிடைத்தது சுமார் 1 லட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. லயத்துக் காம்பராவில் யார் தாள் சேர்த்து வைத்திருந்தார்கள்?

தாள்ச் சிக்கல் முடியவும் இல்லை. பிறப்புச் சான்றிதழில் முத்துலட்சுமி, அடையாள அட்டையில் முத்துலெட்சுமி, ஈபிஎஃப் பதிவில் ஆங்கிலத்தில் வேறொன்று. காசு எடுக்கப் போகும்போதுதான் மூன்றும் மூன்று ஆளாகி நிற்கும். நம்ம கையில் இருக்கும் ஒரே பதிவு, சங்கமும் கோயிலும் தாமே எழுதிக்கொண்ட பட்டியல்கள்தான். அவை பாமினியில் பூட்டிக் கிடக்கின்றன என்பதுதான் என் கவலை.

இனி வேலைக்கு வருவோம். ஈமாக்ஸில் பாமினியை மாற்றுவது அடிப்படையில் ஒரு மாற்றுப்பட்டியல்: இடது பக்கம் பாமினி எழுத்து, வலது பக்கம் யூனிகோடு எழுத்து. ஒவ்வொன்றாக எடுத்துக் கோப்பு முழுக்க மாற்று என்று ஒரு பத்து வரி லிஸ்ப். ஆனா வரிசை முக்கியம். பாமினி பார்வைக்கு எழுதுவது, 'கொ'வில் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடு ஒலிக்கு எழுதுவது, முதலில் க, பிறகு 'ஒ' உயிர்க்குறி. ஆகவே மூன்றெழுத்துச் சேர்க்கைகளை முதலில் மாற்றணும், பிறகு இரண்டெழுத்து, கடைசியில்தான் ஒற்றை எழுத்து. தலைகீழாகச் செய்தால் க, கொம்பு, கால் என்று மூன்று துண்டாக நிற்கும். திரையில் பார்த்தால் அச்சு அசல் 'கொ'தான். ஆனா யோகேஸ்வரி என்று தேடினால் யோகேஸ்வரி கிடைக்க மாட்டார், ஏனென்றால் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கொம்பியூட்டருக்கு வேறு வேறு. இந்தப் பிழையோடு இருக்கும் தமிழ்க் கோப்புகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வைத்திருப்பவர்களுக்கே அது தெரியாது.

அடையாள அட்டைக்கு இன்னும் ஒரு வரி போதும். ஒன்பது இலக்கத்துக்குப் பின்னால் 'வி' அல்லது 'எக்ஸ்' வந்தால் தொடாதே. இந்த ஒரு வரியை எழுத வேறு யாரும் நமக்காக உட்கார மாட்டார்கள்.

மாற்றி முடித்தபின் மற்றது எல்லாம் எளிது. லட்சுமி, லெட்சுமி இரண்டையும் ஒரே தேடலில் பிடிக்கலாம். ஒரு வரியில் செய்த திருத்தத்தைப் பதிவு செய்து, மற்ற நானூறு வரிகளுக்கும் அதையே ஓட்டலாம். டீகோ காலத்துச் சங்கதிதான் அது. மரணாதார சங்கச் சந்தாக் கணக்குக்கு ஓர்க் மோட் இருக்கு. கார்ஸ்டன் டொமினிக் என்ற வானியலாளர் தன் குறிப்புகளை ஒழுங்குபடுத்த 2003இல் தொடங்கியது. சாதாரண உரைக் கோப்பிலேயே அட்டவணை போட்டுக் கூட்டலாம். செயலாளர் மாறினாலும், லப்டொப் மாறினாலும், லைசன்ஸ் முடிந்தாலும் அந்தக் கோப்பு திறக்கும்.

ஈமாக்ஸ் லேசு என்று நான் சொல்ல மாட்டேன். முதல் கிழமை வெறுத்துப் போகும். வெட்டி ஒட்டும் சாவிகள்கூட வேறு. நம்மில் பலரிடம் இருப்பது போன் மட்டும்தான். 2025 பெப்ரவரியில் வந்த ஈமாக்ஸ் 30, ஆண்ட்ராய்டிலும் ஓடுகிறது என்றாலும் விரல் நுனியால் லிஸ்ப் அடைப்புக்குறி போடுவது தண்டனை. சங்கத்துக்கு ஒரு பழைய லப்டொப் போதும், அதில் ஒருத்தர் கற்றுக்கொண்டால் போதும். இருநூறு பேர் பட்டியலுக்கு எக்ஸெல் போதாதா என்று கேட்பீங்க. கணக்குக்குப் போதும். ஆனா பாமினிக் கோப்பை எக்ஸெல்லில் வைத்துப் போராடிப் பாருங்க, பிறகு பேசலாம்.

தமிழுக்கு அதில் இடம் வந்ததும் யாரோ கேட்டதால்தான். ஜப்பானில் கெனிச்சி ஹண்டாவும் தோழர்களும் பல மொழிகளுக்காகச் செய்த 'மியூல்' 1997இல் ஈமாக்ஸ் 20இல் சேர்ந்தது. அந்த அடித்தளத்தின் மேல் பின்னர் தமிழ் உள்ளீட்டு முறைகளும் வந்தன. அவற்றில் எண்ணைத் தட்டினால் ௧, ௨, ௩ என்று பழைய தமிழ் எண்கள் விழும். யாரும் இப்போது அப்படி எழுதுவதில்லையே என்று பாவனையாளர்கள் சொல்ல, 2023இல் வந்த ஈமாக்ஸ் 29இல் அது மாற்றப்பட்டது. தமிழ் எண்கள் வேண்டியவர்களுக்குத் தனி உள்ளீட்டு முறை வைத்தார்கள்.

எடிட்டரால் முடியாத ஒன்றும் இருக்கு. சிங்களத்தில் ழ கிடையாது. பழனி என்ற பெயர் சிங்களத்தில் எழுதப்பட்டுத் திரும்பத் தமிழுக்கு வரும்போது பலனி ஆகலாம், பளனி ஆகலாம். மாற்றுப்பட்டியலில் ல வந்தால் ழ போடு என்று எழுதினால் லட்சுமி எல்லாம் கெட்டுப் போவார்கள். அந்தப் பெயர்களை மட்டும் தனியாகப் பிரித்து ஒரு கோப்பில் போட்டுத் தரச் சொல்லலாம். அதை எடுத்துக்கொண்டு லயம் லயமாகப் போய், அம்மாச்சி உங்க பேரை எப்படி எழுதுவாங்க என்று கேட்டுத்தான் நிரப்பணும்.