ஊர்த் தண்ணீரும் பீரும்

ஐரோப்பாவுக்குப் போகிறவர் எந்த பீரைக் குடித்துப் பார்க்கலாம் என்று கேட்டால், பதில் பெரும்பாலும் நாட்டுவாரியாகத்தான் வரும். ஜெர்மனிக்கு இன்னது, பெல்ஜியத்துக்கு இன்னது, இங்கிலாந்துக்கு இன்னது என்று ஒரு பட்டியல். சுவைக்குத் தேச எல்லை உண்டு என்ற நம்பிக்கை அதன் அடியில் இருக்கிறது. வரலாற்றின் முன் அந்த நம்பிக்கை நிற்பதில்லை. பீரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் தண்ணீர். பார்லியை வண்டியில் ஏற்றலாம், ஹாப்ஸ் பூவை மூட்டை கட்டிக் கப்பலில் அனுப்பலாம், ஈஸ்ட்டைக்கூடக் குடுவையில் கொண்டுபோகலாம். ஓர் ஆலைக்கு வேண்டிய தண்ணீரை ஊர்விட்டு ஊர் சுமந்து கட்டுப்படியாகாது. அதனால் ஒவ்வொரு ஊரும் தன் கிணற்றுக்கு ஒத்துவந்த பீரையே செய்து பழகியது. பிரிட்டனிலும் ஐரோப்பாவிலும் தவறவிடக் கூடாதவை என்று நான் கருதும் பீர்கள் இப்படிப் பிறந்தவை. ஆகவே நாட்டின் பெயரைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டாம், ஊரின் பெயரைப் பாருங்கள் என்பதே என் பரிந்துரை.

முதல் ஊர், நடு இங்கிலாந்தில் ட்ரென்ட் ஆற்றங்கரையில் இருக்கும் பர்ட்டன். அங்கே நிலத்தடியில் ஜிப்சம் படிவுகள் உண்டு. அவற்றின் வழியே ஊறிவரும் கிணற்று நீரில் கால்சியம் சல்பேட் மிகுதி. கால்சியம் பீரைத் தெளியவைக்கும். சல்பேட் ஹாப்ஸின் கசப்பை நாக்கில் தங்கவிடாமல் கூர்மையாக்கி உலர்வாக முடிக்கும். வெளிர் நிற மால்ட்டும் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) நிறைய ஹாப்ஸும் சேர்ந்த பேல் ஏலுக்கு இதைவிடப் பொருத்தமான தண்ணீர் இங்கிலாந்தில் இல்லை. 1777இல் வில்லியம் பாஸ் அங்கே தொடங்கிய ஆலையின் சிவப்பு முக்கோணம், 1876 ஜனவரி 1 அன்று பிரிட்டனின் முதல் வணிகச் சின்னமாகப் பதிவானது. 1882இல் பாரிஸ் மதுக்கூடம் ஒன்றை ஓவியர் மானே தீட்டியபோது, பளிங்கு மேசையின் மேல் அந்த முக்கோணம் ஒட்டிய பாட்டில்களையும் சேர்த்தே வரைந்தார். ஒரு சிற்றூரின் கிணற்று நீர் அவ்வளவு தூரம் பயணப்பட்டிருந்தது.

இங்கே ஒரு வலுவான மறுப்பு எழும். பர்ட்டனின் வெற்றிக்குக் காரணம் தண்ணீரா, வணிகமா? பதினெட்டாம் நூற்றாண்டில் இதே கிணறுகளிலிருந்து பர்ட்டன் செய்தது இனிப்பும் கனமும் கொண்ட கரும்பழுப்பு ஏல். ட்ரென்ட் ஆற்றுவழி ஹல் துறைமுகம் போய், பால்டிக் கடல் தாண்டி, செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வரை அது விற்றது. நெப்போலியனின் வணிகத் தடை அந்தச் சந்தையை நசுக்கியது. 1822இல் ரஷ்யா விதித்த சுங்கவரி அதை முடித்துவைத்தது. அதுவரை கல்கத்தா, மதராஸ் துறைமுகங்களுக்குப் பேல் ஏல் அனுப்பிக்கொண்டிருந்தது லண்டனின் போ ஆலை. அதன் உரிமையாளர் ஹாட்சனின் பலம், கிழக்கிந்தியக் கம்பெனிக் கப்பல்கள் நின்ற துறைக்கு அருகில் இருந்ததும், கப்பல் தலைவர்களுக்கு நீண்ட தவணையில் சரக்கு கொடுத்ததும்தான். கடற்பயணத்தைத் தாங்குவதற்கென்றே அவர் ஒரு பீரைக் கண்டுபிடித்தார் என்ற கதை இன்றும் உலவுகிறது. போர்ட்டர் என்ற கறுப்பு பீரும் அதே கப்பல்களில் நன்றாகவே இந்தியா வந்து சேர்ந்தது என்பதால் அதை நான் ஏற்கவில்லை. 1820களில் கம்பெனியின் தூண்டுதலால் பர்ட்டனின் சாமுவேல் ஆல்சப் அதே வகையைச் செய்து பார்த்தார். பர்ட்டன் தண்ணீரில் அது லண்டன் சரக்கைவிடத் தெளிவாகவும் கூர்மையாகவும் வந்தது. ஆக, மறுப்பில் பாதி உண்மை: தண்ணீர் தானாக எதையும் செய்துவிடுவதில்லை, சந்தை கேட்கும்வரை நிலத்தடியில் காத்திருக்கிறது. ஆனால் கேட்ட பிறகு எந்த ஊர் வெல்லும் என்பதை அதுதான் தீர்மானித்தது.

இதற்கு லண்டன் ஆலைகளே சாட்சி. அந்நகரின் நீரில் கார்பனேட் உப்பு அதிகம். அதில் வெளிர் மால்ட்டை ஊறவைத்தால் கசப்பு கரடாக நிற்கும். அடர்நிற மால்ட்டின் புளிப்பு அந்த உப்பைச் சமன்படுத்திவிடும். அதனால் லண்டன் போர்ட்டரின் தலைநகரானது. 1814 அக்டோபர் 17 அன்று மியூக்ஸ் ஆலையின் பிரம்மாண்டத் தொட்டி ஒன்று வெடித்துப் பெருகிய போர்ட்டர் அக்கம்பக்கத்து ஏழைகளில் எட்டுப் பேரைக் கொன்றது என்பதிலிருந்தே அந்தத் தொழிலின் அளவை ஊகிக்கலாம். அத்தனை முதலும் அனுபவமும் இருந்தும், ஊரின் ருசி பேல் ஏல் பக்கம் திரும்பியபோது லண்டன்காரர்களால் சொந்தத் தண்ணீரில் பர்ட்டனுக்கு ஈடு கொடுக்க முடியவில்லை. 1856இல் லண்டனை அடுத்த ரோம்ஃபர்டின் இண்ட் கூப், 1873இல் லண்டனின் ட்ரூமன் என்று பர்ட்டனுக்கே போய் ஆலை நடத்தினார்கள். பணம் இருக்கிறவன் கிணற்றைத் தேடிப் போனான். இன்று லண்டனில் ஃபுல்லர்ஸின் லண்டன் போர்ட்டரையும், பர்ட்டனில் மார்ஸ்டன்ஸ் பெடிகிரியையும் அடுத்தடுத்துக் குடித்துப் பார்த்தால் இந்தப் பத்தி முழுவதும் நாக்குக்கே புரிந்துவிடும்.

அடுத்த ஊர் பொஹிமியாவின் பில்சன். 1838இல் கெட்டுப்போன உள்ளூர் பீர் 36 பீப்பாய்களை நகர்மன்றத்தின் முன் கொட்டிவிட்டு, தாங்களே ஆலை கட்ட முடிவெடுத்தார்கள் அந்நகரத்தார். 1842இல் அங்கே முதல் பீரைக் காய்ச்சிய ஜோசப் க்ரோல் பவேரியாக்காரர்; குளிரில் மெதுவாக நொதிக்கும் லாகர் முறை பவேரியாவுடையது; மால்ட்டைப் புகை படாமல் வெளிறாகக் காயவைக்கும் முறை இங்கிலாந்திலிருந்து வந்தது. உள்ளூர் என்று சொல்ல பார்லி, சாட்ஸ் ஹாப்ஸ், அப்புறம் தண்ணீர். அந்தத் தண்ணீரில் உப்பு என்பதே ஏறக்குறைய இல்லை. பொன்னிறத்தில் துலங்கிய அந்த பீரின் வாரிசுகள்தான் இன்று உலகம் குடிக்கும் லாகரில் பெரும்பகுதி. இது தொழில்நுட்பத்தின் வெற்றி, தண்ணீருக்கு இதில் பங்கில்லை என்பாரும் உண்டு. அப்படியானால் மூனிச்சைப் பாருங்கள். அங்கே ஸ்பாட்டன் ஆலையின் செடல்மேயர் 1833இலேயே பிரிட்டனுக்குப் போய், உட்குழிவான கைத்தடியில் மாதிரிகளை ரகசியமாக எடுத்துப் பரிசோதித்துத் தொழிலைக் கற்றுவந்தவர். க்ரோல் அறிந்தது எல்லாம் மூனிச்சும் அறியும். இருந்தும் கார்பனேட் மிகுந்த அந்நகரத் தண்ணீரில் கரும்பழுப்பு டுங்கெல்தான் சிறந்தது. ஸ்பாட்டனின் வெளிர் ஹெல்லஸ் வந்தது 1894இல், பில்சனுக்கு 52 ஆண்டுகள் கழித்து. அந்தத் தாமதத்தில் பழமைப் பிடிவாதத்துக்கும் பங்குண்டு. அந்தப் பில்சன் ஆலையின் பில்ஸ்னர் உர்க்வெலை அதன் ஊரிலேயே, நிலவறை மரப்பீப்பாயிலிருந்து வடிகட்டாமல் ஊற்றித் தரும்போது குடிப்பது இந்த வரலாற்றுக்கு மிக அருகில் போகிற வழி.

மிகக் கடினமான மறுப்பு இனிமேல்தான். 1870களின் இறுதியிலிருந்தே ஜிப்சம் சேர்த்து எந்த நீரையும் பர்ட்டன் நீராக்கும் வித்தை தெரிந்துவிட்டது. உப்பை நீக்கிப் பில்சன் நீராக்கவும் இன்று முடியும். பின் ஊருக்கு என்ன மதிப்பு? நியாயமான கேள்வி. வேதியியல் கிணற்றின் தனியுரிமையைப் பறித்துவிட்டது என்பதை நான் மறுக்கவில்லை. அதனால்தான் தண்ணீருக்கு அடுத்து, ஊரிடம் மிஞ்சியிருக்கிற கலங்களும் முறைகளும் எனக்குப் பெரிதாகப் படுகின்றன. மரப்பீப்பாய்களை வரிசையாகக் குழாயால் இணைத்து நொதிக்கவைக்கும் 'யூனியன்' அமைப்பைப் பர்ட்டனில் கடைசிவரை வைத்திருந்த மார்ஸ்டன்ஸ் 2024இல் அதை நிறுத்தியது. ஒரு தொகுதியை டெர்பிஷயரின் தோர்ன்பிரிட்ஜ் ஆலை எடுத்துப்போய் ஓடவைத்திருக்கிறது. உப்பைப் பொட்டலத்தில் வாங்கலாம்; அந்தப் பீப்பாய்களைப் பழுதுபார்க்கத் தெரிந்த கைகளை வாங்க முடியாது. தோர்ன்பிரிட்ஜின் யூனியன் பீர் கிடைத்தால் விடாதீர்கள். அதேபோல ஜெர்மனியின் பாம்பெர்கில் ஷ்லென்கெர்லா ஆலை இன்றும் பீச் மர நெருப்பில் மால்ட்டைக் காயவைக்கிறது. புகை வாசம் முதல் மிடறில் முகம் சுளிக்கவைக்கலாம், மூன்றாவதில் பழகிவிடும்.

தரத்தைக் காத்தது ஊரல்ல, சட்டம்; 1516ஆம் ஆண்டின் பவேரியத் தூய்மைச் சட்டமே அதற்குச் சான்று என்று சிலர் சொல்வார்கள். பார்லி, ஹாப்ஸ், தண்ணீர் தவிர வேறெதுவும் கூடாது என்றது அது. ஆனால் கோதுமை பீர் செய்யும் தனியுரிமையை ஆட்சியாளர்கள் ஒரு பிரபுக் குடும்பத்துக்குக் கொடுத்தார்கள், 1602இல் தாங்களே எடுத்துக்கொண்டார்கள். தூய்மை மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால் இந்த விலக்குக்கு இடமில்லை.

அந்தச் சட்டம் ஒருநாளும் அனுமதிக்காத பீர்கள் ப்ரஸ்ஸல்ஸிலும் அதன் தெற்கிலும் இருக்கின்றன. சென் ஆற்றுப் பள்ளத்தாக்கின் லாம்பிக்கில் முளைக்கவைக்காத கோதுமை மூன்றில் ஒரு பங்கு. ஈஸ்ட் போடுவதில்லை, காய்ச்சிய சாற்றைக் குளிர்மாத இரவுகளில் கூரைக்கடியில் அகன்ற தட்டுத்தொட்டியில் திறந்துவைத்தால், காற்றிலும் பழைய மரத்திலும் வாழும் நுண்ணுயிர்களே நொதிக்கவைக்கும். ஓராண்டு, ஈராண்டு, மூவாண்டு லாம்பிக்குகளைக் கலந்து பாட்டிலில் அடைப்பது கெஸ். ஆண்டர்லெக்ட்டில் 1900இல் தொடங்கிய கான்டியோன் ஆலையில் அதைக் குடிக்க வேண்டும். பிறகு ஓர்வால் மடத்தின் பீர். 1931இல் தொடங்கிய அதற்கு வடிவம் தந்த முதல் ஆலைக்காரர் ஜெர்மானியர். நொதித்து முடிந்த பீரில் உலர்ந்த ஹாப்ஸ் போடும் பழக்கம் இங்கிலாந்தினுடையது. பாட்டிலில் வேலை செய்யும் ஈஸ்ட்டின் பெயர் ப்ரெட்டனோமைசிஸ், அதாவது பிரிட்டனின் பூஞ்சை. அதை 1904இல் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தின் க்ளாசன் அறிவித்தது ஆங்கில ஏலை ஆராய்ந்துதான். பழைய லண்டன் போர்ட்டர் மாதக்கணக்கில் மரத்தொட்டியில் முதிர்ந்தபோது பெற்ற வாசம் அதனுடையது. சுத்தமும் வேகமும் கூடிய இங்கிலாந்தின் ஆலைகளிலிருந்து அது ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஓர்வால் பாட்டிலில் அடைத்த தேதி அச்சிட்டிருக்கும். இரண்டு வாங்குங்கள்: ஒன்றை அன்றே திறவுங்கள், மற்றதை ஓராண்டு இருட்டில் நிறுத்திவைத்துத் திறவுங்கள். 1800ஆம் ஆண்டின் லண்டன்காரருக்குப் பழக்கமான அந்த வாசம் இரண்டாவதில்தான் முழுதாக எழும்.