கிளர்ச்சி சமய ஆட்சியாதல்: ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் 'டூன்' நாவல் வரிசை – ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

அறிவியல் புனைகதையின் கிளைகளுள் 'ஸ்பேஸ் ஆபரா' எனப்படும் விண்வெளிப் பெருங்கதை நெடுங்காலம் மதிக்கப்படாத ஒன்றாகவே இருந்தது. 1941ஆம் ஆண்டில் வில்சன் டக்கர் இத்தொடரை ஆக்கியபோது, சலிப்பூட்டும் விண்கலக் கதைகளை எள்ளும் பெயராகவே அதனை வழங்கினார். பேரரசு, விண்கலப் படை, உரிமை இழந்த இளவரசன், கொடுங்கோலனை வீழ்த்தும் கிளர்ச்சி ஆகியன அவ்வகையின் பொதுக்கூறுகள். இவற்றை எல்லாம் ஏற்றுக்கொண்டு, கிளர்ச்சி வென்றபின் நிகழ்வது யாது என்னும் வினாவை எழுப்பியவர் அமெரிக்க எழுத்தாளர் ஃபிராங்க் ஹெர்பர்ட் (1920–1986). அவருடைய 'டூன்' (1965), 'டூன் மெசையா' (1969), 'சில்ட்ரன் ஆஃப் டூன்' (1976) ஆகிய மூன்றும் ஒரே கதையின் மூன்று நிலைகளாகும். 1981 முதல் 1985 வரை மேலும் மூன்று நாவல்கள் வெளிவந்தன எனினும், முதல் மூன்றும் ஒரு தனி வரிசையாகவே கருதத்தக்கன. சமய ஆட்சிக்கு எதிரான கிளர்ச்சி இவ்வரிசையில் எங்குத் தொடங்குகிறது, யாரை எதிர்க்கிறது என்பதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நூல் உருவான வரலாறு

1957ஆம் ஆண்டில் ஆரெகன் மாநிலத்தின் ஃபுளோரன்ஸ் என்னும் கடற்கரை ஊருக்குச் சென்ற ஹெர்பர்ட், நகரும் மணற்குன்றுகளைப் புல் நட்டு நிலைநிறுத்தும் அரசுத் திட்டத்தைக் கண்டார். அதுபற்றி எழுத எண்ணிய கட்டுரை நிறைவு பெறவில்லை. அதற்கெனத் திரட்டிய செய்திகளோ பாலைநிலம், சமயம், மீட்பர் பற்றிய பெருங்கதையாக விரிந்தன. 'அனலாக்' இதழில் 1963 டிசம்பரில் தொடராகத் தொடங்கிய இக்கதையின் பிற்பகுதி 1965இல் அதே இதழில் வெளிவந்தது. இருபதுக்கும் மேற்பட்ட பதிப்பகங்கள் இதனை மறுத்தன. இறுதியில், ஊர்திப் பழுதுநீக்கக் கையேடுகளுக்குப் பெயர்பெற்ற சில்டன் நிறுவனம் இதனை நூலாக்கியது. 1966ஆம் ஆண்டின் ஹியூகோ விருது ரோஜர் ஜெலாஸ்னியின் நாவலுக்கும் இதற்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. சிறந்த நாவலுக்கான முதல் நெபுலா விருதும் இதற்கே கிடைத்தது.

இரண்டாம் நாவலின் வரவேற்பு வேறுபட்டது. முதல் நாவலை விரும்பி வெளியிட்ட 'அனலாக்' ஆசிரியர் ஜான் கேம்பெல், தலைவனின் வீழ்ச்சியைப் பேசும் 'டூன் மெசையா'வை ஏற்க மறுத்தார். அது 1969இல் 'கேலக்சி' இதழில் வெளிவந்தது. ஆயின், வீழ்ச்சி பின்னர்ச் சேர்க்கப்பட்ட எண்ணம் அன்று. முதல் நாவல் நிறைவுறும் முன்னரே அடுத்த இரண்டின் பகுதிகள் எழுதப்பட்டுவிட்டன என்பதனை ஹெர்பர்ட் பதிவு செய்துள்ளார்.

முதற் கிளர்ச்சி: சமயம் படைக்கலமாதல்

முதல் நாவலில் எதிர்க்கப்படுவது சமய ஆட்சி அன்று. அராக்கிஸ் என்னும் பாலைக் கோளில் விளையும் 'மெலாஞ்ச்' என்னும் நறும்பொருளின்றி விண்வெளிப் போக்குவரத்து இல்லை. அதனைக் கைப்பற்றப் பேரரசனும் ஹார்கோனென் குடியினரும் இணைந்து அட்ரெய்டிஸ் குடியை அழிக்கின்றனர். தப்பிய இளைஞன் பால், ஃப்ரெமென் என்னும் பாலை மக்களிடம் அடைக்கலம் புகுந்து, அவர்களின் மீட்பனாகி, பேரரசனை வீழ்த்துகிறான்.

ஃப்ரெமென் மக்கள் அவனை மீட்பனாக ஏற்பதற்குக் காரணம் முன்னரே ஏற்படுத்தப்பட்டிருந்தது. பெனே கெசரிட் என்னும் பெண்துறவியர் சபை, தன் உறுப்பினர் எவரேனும் இடருற்றால் பயன்படுத்திக்கொள்ளும் பொருட்டுக் கோள்கள்தோறும் தீர்க்கதரிசனங்களை விதைத்து வைத்திருந்தது. பாலின் தாய் ஜெசிகா அச்சபையைச் சேர்ந்தவள். விதைத்தவர் நோக்கம் ஒன்று, நம்பியவர் வேட்கை வேறொன்று. வஞ்சகமாகப் புகுத்தப்பட்ட சொல், ஒடுக்கப்பட்ட மக்களிடம் மெய்யான விடுதலைக் குரலாக மாறுகிறது. தன் பெயரால் அண்டமெங்கும் புனிதப்போர் மூளும் என்பதனைப் பால் முன்னறிகிறான். எனினும் அவனால் அதனைத் தடுக்க இயலவில்லை. வீரன் ஒருவனின் கையில் அகப்படுவதினும் கொடிய கேடு ஒரு மக்களினத்திற்கு இல்லை என்னும் எச்சரிக்கையும், பாலையில் இறக்கும் கோளியல் அறிஞர் கைன்ஸின் மயக்கநிலை நினைவாக முதல் நாவலிலேயே இடம்பெறுகிறது. வெற்றிக் கதையாகப் படித்தோர் அதனைக் கடந்து சென்றனர்.

வரலாற்று இணைகள்

பாலுக்கு ஃப்ரெமென் மக்கள் வழங்கும் பெயர்களுள் 'மஹ்தி' என்பதும் ஒன்று. சூடானில் துருக்கிய-எகிப்திய ஆட்சியை எதிர்த்து 1881இல் தம்மை மஹ்தி என அறிவித்த முகம்மது அகமது, 1885 ஜனவரியில் கார்ட்டூமைக் கைப்பற்றி அவ்வாண்டு ஜூனில் இறந்தார். அவருக்குப்பின் ஆட்சியேற்ற கலீஃபா அப்துல்லாஹி 1898இல் ஓம்துர்மான் போரில் ஆங்கில-எகிப்தியப் படையிடம் தோற்கும்வரை அச்சமய அரசு நீடித்தது. அயலாட்சிக்கு எதிரான எழுச்சி, தலைவன் மறைந்தபின் அவன் பெயரால் ஆளும் அரசாதல் இங்கு வெளிப்படை. 1834 முதல் 1859 வரை ரஷ்யப் பேரரசை எதிர்த்துக் காகசஸ் மலைநாட்டில் போரிட்ட இமாம் ஷாமிலைப் பற்றி லெஸ்லி பிளாஞ்ச் எழுதி 1960இல் வெளிவந்த வரலாற்று நூலிலிருந்தும் ஹெர்பர்ட் பல சொற்களை எடுத்தாண்டுள்ளார். 'சகோப்சா' என்னும் மொழிப்பெயர் அதற்குச் சான்று.

இரண்டாம் கிளர்ச்சி: மீட்பன் பெயரால் அமைந்த ஆட்சிக்கு எதிராக

'டூன் மெசையா' பன்னிரண்டு ஆண்டுகள் கழித்துத் தொடங்குகிறது. தன் போரில் மாண்டோர் 6,100 கோடிப் பேர் என்றும், நாற்பது சமயங்களைப் பின்பற்றியோர் அழிக்கப்பட்டனர் என்றும் பாலே கணக்கிட்டுக் கூறுகிறான். நம்பிக்கை இப்போது அலுவலகமாகிவிட்டது. 'கிஸாரா' எனப்படும் பூசகர் அமைப்பு கோள்களை ஆள்கிறது. திருப்பயணியர் கூட்டம் வருவாய்க்கு வழியாகிறது. முன்னாள் போர்வீரனும் இந்நாள் பூசகனுமாகிய கோர்பாவே பாலுக்கு எதிரான சதியில் பங்கேற்கிறான்.

இவ்விடத்தில் ஃபாரோக் என்னும் முதிய ஃப்ரெமென் வீரனின் பாத்திரம் சிறப்பாக நோக்கத்தக்கது. அவன் போருக்குச் சென்றது பெரிதும் கடலைக் காணும் ஆவலால். பிற கோளொன்றில் கடலில் இறங்கி எழுந்தபோது அவனது போர்வெறி நீங்கியது. வீடு திரும்பியவனின் மகன், போரிற் பயன்பட்ட கருவியால் பார்வையிழந்து கிடக்கிறான். மாபெரும் எண்ணிக்கை உணர்த்தாத இழப்பை இவ்வொரு குடும்பம் உணர்த்துகிறது. சதியில் சேரும் அவனைத் துரோகி என ஒதுக்கிவிடப் படிப்பவரால் இயலாது.

கண்ணிழந்த பால், குருடரைப் பாலைக்கு விடுக்கும் குல வழக்கத்திற்குப் பணிந்து தனியே செல்கிறான். கடவுள்நிலையைத் துறக்க அவன் மேற்கொண்ட இச்செயலே அவனைப் பின்னும் பெரிய தெய்வமாக்குகிறது. மூன்றாம் நாவலில் அவனுடைய தங்கை அலியா பூசகர் துணையுடன் ஆள்கிறாள். அப்போது பாலையிலிருந்து வரும் குருட்டுப் போதகன் ஒருவன் கோயில் முற்றத்தில் நின்று அச்சமயத்தைப் பழிக்கிறான். அவன் பாலே என்பதனைக் கதை உணர்த்துகிறது. தன் பெயரால் அமைந்த சமயத்தை எதிர்க்க அச்சமயத்தின் மூலவனுக்கே உரிமையில்லை. பூசகன் ஒருவனின் கத்தியால் அவன் மடிகிறான். முதற் கிளர்ச்சிக்குப் பெரும்படை இருந்தது. இரண்டாவதற்கு ஒரு குரல் மட்டுமே இருந்தது.

அதன் முடிவும் விடுதலை அன்று. பாலின் மகன் லெட்டோ மணல்வாழ் உயிர்களைத் தன் உடலிற் போர்த்து மனித இயல்பைக் கடந்து அரியணை ஏறுகிறான். பூசகர் ஆட்சி வீழ்கிறது; அதனிடத்தில் நெடுங்காலம் ஆளவிருக்கும் தெய்வ அரசன் ஒருவன் அமர்கிறான். ஃப்ரெமென் கனவு கண்ட பசுமையும் வருகிறது. ஆயின், நீர் மணற்புழுக்களுக்கு நஞ்சாதலால் அவர்கள் வழிபட்ட உயிரினமே அருகுகிறது.

திரைவடிவங்கள்

1984இல் டேவிட் லிஞ்ச் இயக்கிய திரைப்படம், பால் மழையை வரவழைக்கும் காட்சியுடன் முடிந்து, அவனை மெய்யான மீட்பனாகவே நிறுவியது. நூலின் எச்சரிக்கை அங்குப் புகழ்ச்சியாயிற்று. 2003இல் வெளிவந்த தொலைக்காட்சித் தொடர் பின்னிரு நாவல்களையும் இணைத்து இக்குறையை ஓரளவு நீக்கியது. 2024இல் வெளிவந்த தெனி வில்னவ்வின் இரண்டாம் படம், பாலின் காதலி சானியை மீட்பன் நம்பிக்கையை மறுப்பவளாக மாற்றி, ஐயத்தை முதற் கதைக்குள்ளேயே கொணர்ந்தது.

முடிவுரை

இந்நாவல் வரிசை நம்பிக்கையை இகழவில்லை. ஒருதுளி நீரையும் புனிதமாகப் போற்றும் ஃப்ரெமென் வாழ்நெறி மதிப்புடனேயே தீட்டப்பட்டுள்ளது. நம்பிக்கை ஆட்சிக்கருவியாகும் நிலையே இங்கு எதிர்க்கப்படுகிறது. கொடுங்கோலை வீழ்த்தும் பொருட்டு ஏற்ற சமயம், வெற்றிக்குப்பின் தானே கோலேந்துகிறது. அதனை எதிர்க்க எழுவோர் முன்னைய போரின் வீரர்களும் அதன் தலைவனுமே ஆவர். முதல் நாவலை மட்டும் படிப்போர்க்கு இது விடுதலைக் காப்பியம். மூன்றையும் படிப்போர்க்கோ அவ்விடுதலைக்குக் கொடுக்கப்பட்ட விலையின் கணக்கு. இவ்வேறுபாடே இவ்வரிசையை ஒருசேர வைத்து ஆராய வேண்டியதன் இன்றியமையாமையை உணர்த்துகிறது எனலாம்.