திரிகையும் கலப்பையும்: ஆறாம் ஒப்பந்தத்துக்கு முந்தைய ஒரு கோரிக்கைப் பட்டியல்

கனடாவின் பிரெய்ரிச் சமவெளியில் குடியேற்றம் நிகழ்ந்த வரலாற்றை 160 ஏக்கர், 10 டாலர், மூன்றாண்டுக் குடியிருப்பு என்று சுருக்கிவிடும் வழக்கம் உண்டு. 1872ஆம் ஆண்டின் டொமினியன் நிலச் சட்டம் ஹோம்ஸ்டெட் எனும் குடியேற்ற நிலத்துக்கு வகுத்த கணக்கு அது. அந்தக் கணக்குக்குள் அச்சமவெளியின் தொல்குடியினரான கிரீ மக்கள் ஏன் இடம்பெறவில்லை என்ற கேள்விக்கு ஜார்ஜ் ஸ்டான்லி 1936இல் வெளியிட்ட 'தி பர்த் ஆஃப் வெஸ்டர்ன் கனடா' ஒரு விடை தந்தது. அதுவே நெடுங்காலம் செல்லுபடியாயிற்று. 1869–70, 1885 ஆகிய ஆண்டுகளில் ஐரோப்பிய–தொல்குடிக் கலப்பு வழியினரான மெட்டி மக்கள் முன்னின்று நடத்திய இரு கிளர்ச்சிகளையும் தொல்குடி வாழ்வுக்கும் நாகரிக வாழ்வுக்கும் இடையிலான மோதலாக அவர் கண்டார். காட்டெருமை வேட்டையில் ஊறியவர்கள் ஏர்பிடிக்கப் பழகவில்லை என்பது அந்த வாசிப்பின் உட்கிடை.

ஸ்டான்லியை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. ஒட்டாவா அரசின் மெத்தனத்தையும் மெட்டி மக்களின் குறைகளையும் ஆவணங்களிலிருந்து அகழ்ந்தெடுத்ததில் அவர் முன்னோடி. குறை அவர் திரட்டிய சான்றுகளில் இல்லை, அவற்றை அடுக்கிய சட்டகத்தில் இருக்கிறது. வேளாண்மைக்கு மாறுவதை மனப்பாங்கு சார்ந்த சிக்கலாகக் கொண்டுவிட்டால் கலப்பை எத்தனை, விதை எப்போது வந்தது, விளைந்ததை யாரிடம் விற்கலாம் என்ற கேள்விகள் தாமாகவே பின்னுக்குப் போய்விடும். ஸாரா கார்ட்டர் 'லாஸ்ட் ஹார்வெஸ்ட்ஸ்' (1990) நூலில் இக்கேள்விகளை முன்னுக்குக் கொண்டுவந்து ஸ்டான்லி மரபை மறுத்தார். அவர் அழுத்தம் தருவது 1880களுக்கு. மறுப்புக்கான சான்று 1876லேயே கிடைக்கிறது என்பது என் வாதம்.

அவ்வாண்டு ஆகஸ்டில் கார்ல்டன் கோட்டையில் ஆறாம் ஒப்பந்தத்துக்காக அரசுக்கும் கிரீ தலைவர்களுக்கும் இடையே நடந்த பேச்சுவார்த்தையை அரசுக் குழுவின் செயலர் ஜாக்ஸ் குறித்துவைத்தார். அப்போதைய துணைநிலை ஆளுநர் அலெக்ஸாண்டர் மாரிஸ் 1880இல் வெளியிட்ட நூலில் அக்குறிப்பு அச்சாகியிருக்கிறது. கிரீ தலைவர்கள் தங்களுக்குள் கூடிப் பேசியபின் முன்வைத்த கோரிக்கைப் பட்டியல் அதில் உள்ளது. குடும்பத்துக்கு ஓர் எருது, ஒரு பசு. மூன்று குடும்பங்களுக்கு ஒரு கலப்பை, ஒரு பரம்பு. பயிரிடும் ஒவ்வொருவருக்கும் முழு அளவில் விதை. ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு கைத்திரிகை.

இதை 1874இல் கையெழுத்தான நான்காம் ஒப்பந்தத்தோடு ஒப்பிட வேண்டும். அங்கே பத்துக் குடும்பங்களுக்கு ஒரு கலப்பை, இரண்டு பரம்பு, திரிகை இல்லை. ஆறாம் ஒப்பந்தத்தின் இறுதி வாசகத்தில் மூன்று குடும்பங்களுக்கு ஒரு கலப்பை என்றாகிவிடுகிறது. போதிய தானியம் விளைவிக்கும் குழுவுக்குத் திரிகையும் உண்டு. இரண்டே ஆண்டுகளில் பத்து மூன்றானது ஒட்டாவாவின் தாராளத்தால் அல்ல. கேட்டவர்கள் கேட்டதால் கிடைத்தது.

பட்டியல் ஆங்கிலத்தில், அரசுத் தரப்பின் கையில், மொழிபெயர்ப்பாளர் வழியாக வந்து சேர்ந்தது; கிரீ மொழியில் சொன்ன சொற்கள் அதில் இல்லை. மிஷனரிகள் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்று ஒருவர் வாதிடலாம். மதகுருவும் ஆசிரியரும் வேண்டும், சாராயம் விற்கக் கூடாது என்ற வரிகள் அப்படி எண்ண இடம் தருகின்றன. ஆனால் அதே பட்டியலில் போர் வந்தால் தங்களைப் படையில் சேர்க்கக் கூடாது என்பதும், தலைவர்களுக்குச் சமையல் அடுப்பு வேண்டும் என்பதும், பாலங்களில் கட்டணமின்றிச் செல்ல வேண்டும் என்பதும் உள்ளன. இவற்றை ஒரு பாதிரியாரின் மேசையில் பிறந்தவையாக என்னால் எண்ண முடியவில்லை. இன்னொரு வரி முக்கியமானது: மக்கள் முன்னேற முன்னேற அதற்கேற்பக் கருவிகளும் தரப்பட வேண்டும் என்கிறது அது. இறுதி ஒப்பந்தத்தில் இவ்வரி இல்லை. பின்னாளில் நடந்தவை அனைத்தும் இந்த விடுபாட்டின் வழியே நுழைந்தன என்றே கருதுகிறேன்.

கார்ல்டனில் பேச்சு தொடங்குவதற்கு முன்பே, ஏப்ரலில், தொல்குடியினரை 'இந்தியர்' என்று அழைத்த இந்தியர் சட்டம் நிறைவேறியிருந்தது. அதன் 70ஆம் பிரிவு மனிடோபாவிலும் வடமேற்குப் பகுதிகளிலும் எந்த இந்தியரும் ஹோம்ஸ்டெட் நிலம் பெறத் தகுதியற்றவர் என்றது. ஐரோப்பாவிலிருந்து வந்திறங்கியவருக்குத் திறந்திருந்த கதவு மண்ணின் மக்களுக்குச் சட்டப்படி சாத்தப்பட்டது. அவர்களுக்கென ஒதுக்கப்பட்ட ரிசர்வ் நிலத்தில் தனிப்பட்டா கிடையாது. ஆகவே அடகு வைத்துக் கடன் வாங்கவும் வழியில்லை. 1881இல் விளைபொருளை விற்கவும் அனுமதிச் சீட்டு தேவை என்றானது. 1888இல் பேட்டில்ஃபோர்டு குடியேறிகள் எழுப்பிய புகாரோ ஸ்டான்லி மரபுக்கு நேர் எதிர்: ரிசர்வ் மக்கள் தானியத்தை அதிகமாக விளைவித்துத் தங்கள் சந்தையைக் கெடுக்கிறார்களாம்.

மறு ஆண்டு இந்திய ஆணையர் ஹேட்டர் ரீட் சிறு குடியானவர் கொள்கையைக் கொண்டுவந்தார். ரிசர்வை 40 ஏக்கர் துண்டுகளாக்குவது, அதாவது ஹோம்ஸ்டெட்டில் கால் பங்கு. குடும்பத்துக்கு ஏறத்தாழ ஓர் ஏக்கர் கோதுமை. அறுவடைக்குக் கையரிவாள், கதிரடிக்கக் கோல், அரைக்கக் கைத்திரிகை. கூட்டாகப் பணம் சேர்த்து அறுவடை இயந்திரம் வாங்க முனைந்தவர்களை ரிசர்வுகளை மேற்பார்த்த அரசு ஏஜென்டுகள் தடுத்தார்கள். உறைபனி முந்திக்கொள்ளும் அந்த மண்ணில் கதிர் முற்றுவதற்கும் பனி விழுவதற்கும் இடையே சில நாட்களே கிடைக்கும். கையால் அறுப்பவர் அறுத்து முடிப்பதற்குள் பயிர் போய்விடும். 1876இல் முன்னேற்றத்தின் முதற்படியாகக் கேட்டுப் பெற்ற திரிகை 1889இல் ஏறக்கூடாத எல்லையாக்கப்பட்டது.

இக்கொள்கை எப்போது முடிந்தது என்பதை ஒரே ஆண்டில் நிறுத்துவது கடினம். ரீட் 1897இல் பதவி நீக்கப்பட்டதோடு அது ஓய்ந்ததாகக் கொள்வது பொதுவான முடிவு. எல்லா ரிசர்வுகளிலும் அது ஒரே கண்டிப்போடு நடைமுறையில் இருந்ததில்லை என்பதால் தொடக்கம், முடிவு இரண்டையும் இடத்துக்கு இடம் தனித்தே பார்க்க வேண்டியிருக்கிறது. ரீட் நீங்குவதற்குள் கிளிஃபர்டு ஸிஃப்டன் உள்துறை அமைச்சராகிவிட்டார். குடியேறிகள் பெருகினர்; ரிசர்வ் நிலங்கள் பயன்படாமல் கிடக்கின்றன, அவற்றை விட்டுக்கொடுக்கச் செய்ய வேண்டும் என்ற குரலும் வலுத்தது.