"சார், ஒரு மாப் குறையுது!"

மலருக்குப் பழைய நினைவு ஒன்று எழுதச் சொன்னார்கள். எனக்கு நினைவு வருவது ஆபரேஷன் தியேட்டர்தான்.

நான் ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது தியேட்டருக்குள் சீஃபின் குரல் மட்டுமே கேட்கும். எங்களுக்கு ரிட்ராக்டர் பிடிக்கக் கை உண்டு, பேச வாய் கிடையாது. ஒருநாள் வயிற்றை மூடும் நேரத்தில், "சார், ஒரு மாப் குறையுது" என்றார் சிஸ்டர். "ஒழுங்கா எண்ணும்மா!" என்று சீறினார் சீஃப். சிஸ்டர் மறுபடி எண்ணினார். "குறையுது சார்" என்று பிடிவாதமாக நின்றார். தேடினால் குடலுக்கு அடியில் கிடந்தது. அது உள்ளே போனதை நான் பார்த்திருந்தேன். பயத்தில் வாயே திறக்கவில்லை!

இந்த மௌனத்தின் விலையை முதலில் உணர்ந்தவர்கள் விமானிகள். 1977 மார்ச் 27 அன்று டெனரீஃப் தீவில் இரண்டு ஜம்போ விமானங்கள் ஓடுபாதையில் மோதி 583 பேர் மாண்டார்கள். எதிர் விமானம் இன்னும் விலகவில்லையோ என்று ஃப்ளைட் எஞ்சினியர் கேட்டார். கேப்டன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அதன்பின், கீழே இருப்பவர் தயங்காமல் சொல்வதும் மேலே இருப்பவர் கேட்பதும் விமானிகளுக்குப் பாடமாயின.

நமக்கு அந்தப் பாடம் தாமதமாக வந்தது. 2005-இல் இங்கிலாந்தில் சைனஸ் ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுத்த பெண்ணுக்கு மூச்சு கொடுக்க முடியாமல் போயிற்று. அனுபவமிக்க டாக்டர்கள் குழாய் செலுத்தவே மீண்டும் மீண்டும் முயன்றார்கள். டிரக்கியாஸ்டமி செட்டை நர்ஸ் கொண்டுவந்தும் பயனில்லை. 13 நாளில் அப்பெண் இறந்தார். விமானியான அவர் கணவர், 2007-இல் இதற்கென்றே ஓர் அமைப்பைத் தொடங்கினார்.

2008-இல் உலக சுகாதார நிறுவனம் 19 அம்சப் பட்டியலை வெளியிட்டது. கத்தி வைக்குமுன் எல்லாரும் தம் பெயரும் பணியும் சொல்ல வேண்டும். முடிவில் மாப், ஊசிக் கணக்கு. டில்லி உட்பட எட்டு நகரங்களில் நடந்த ஆய்வில் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. ஆனால் கனடாவின் ஒன்டாரியோவில் அதைக் கட்டாயமாக்கியபோது குறிப்பிடத்தக்க பலன் தெரியவில்லை என்றது 2014 ஆய்வு. டிக் அடித்தால் மட்டும் போதாது, பேச வேண்டும் என்றே நான் புரிந்துகொள்கிறேன்.

படிக்கும் தம்பி தங்கைகளே, "சார், ஒரு நிமிஷம்" என்று சொல்லப் பழகுங்கள். சீஃபாகிவிட்ட நண்பர்களே, அந்த ஒரு நிமிஷத்தைக் கொடுங்கள். திட்டு வாங்கியும் அசையாமல் நின்ற அந்த சிஸ்டருக்கு அன்று நான் நன்றி சொல்லவில்லை. இங்கே சொல்லிக்கொள்கிறேன்.