கண்மாயும் சீமைக் கருவேலும்: கான்சாபுரம் வட்டாரத் தாவரச் சூழல் மாற்றம்

முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் இயல்பு திரிந்து பாலையாகும் எனச் சிலப்பதிகாரம் கூறுகிறது. அங்கு மாற்றத்தின் காரணி ஞாயிறு. திருவில்லிபுத்தூர், இராசபாளையம், கான்சாபுரம் உள்ளிட்ட மலையடிவார நிலத்தின் அண்மைக்கால மாற்றத்தை ஆராயுமிடத்து, மனிதச் செயலே முன்னிற்கிறது.

இவ்வட்டாரத்துக் கண்மாய்களில் இன்று மண்டியுள்ள சீமைக் கருவேல் அமெரிக்க நிலப்பரப்பிலிருந்து வந்த மரம். சென்னை மாகாண வன அதிகாரி பெட்டோம் 1876இல் இதன் விதைகளை வரவழைக்க வேண்டினார். விறகுப் பற்றாக்குறையைப் போக்குதல் நோக்கம். ஆனால் விதை வந்ததனால் மட்டும் காடு உருவாகிவிடாது. ஆடுமாடுகள் நெற்றைத் தின்று சாணத்தோடு பரப்பிய விதை வேரூன்றுவதற்கு, யாரும் பேணாத நிலமும் வேண்டும்.

அந்நிலம் எவ்வாறு உருவாயிற்று என்பதே முதன்மையான வினா. ஊரார் ஆண்டுதோறும் கூடிக் கரையைச் செப்பனிட்டு வரத்துக்கால்களைத் தூர்வாரிய குடிமராமத்து, காலனிய ஆட்சியில் தளர்ந்தது. அதனை நிலைநிறுத்த 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றப்பட்டமையே அத்தளர்ச்சிக்குச் சான்று. (வழக்கம் உயிர்ப்புடன் இருப்பின் சட்டம் எதற்கு?) வண்டல் மண்ணை வயலுக்கு அள்ளிய பழக்கமும் இரசாயன உரத்தின் வரவால் குறைந்தது. மண்மேடிட்டு, ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடந்த நீர்ப்பரப்பு சீமைக் கருவேலுக்கு ஏற்றதாயிற்று. எனவே இம்மரத்தைச் சீரழிவின் காரணமாக மட்டும் காண்பது பொருந்தாது. அது முதலில் சீரழிவின் விளைவு, பின்னரே காரணம்.

மலைப்பகுதியின் வரலாறு வேறு. 1882ஆம் ஆண்டு வனச் சட்டமும், 1988இல் அமைந்த சாம்பல் நிற அணில் சரணாலயமும், 2021இல் அறிவிக்கப்பட்ட திருவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமும் காட்டுக்கு எல்லை வகுத்தன. தரையிறங்காது கிளைவழியே செல்லும் அவ்வணிலுக்கு மரங்களின் எண்ணிக்கையினும் கவிகையின் தொடர்ச்சியே இன்றியமையாதது. பாதைக்காக ஒரு வரிசை மரம் வெட்டப்பட்டாலும் அத்தொடர்ச்சி அறும். உண்ணிச்செடியோ எல்லைக்கோட்டைப் பொருட்படுத்துவதில்லை; வெளிச்சம் விழுந்த இடமெங்கும் புகுந்துவிடுகிறது.

2017இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீமைக் கருவேலை அகற்ற ஆணையிட்டது. 2022இல் தமிழக அரசு அயல் தாவரங்கள் குறித்த கொள்கையையும் வெளியிட்டது. வேரோடு அகற்றிய கண்மாயில் தூர்வாருதலும் பராமரிப்பும் தொடராவிடின், மண்ணில் உறங்கும் விதைகள் அடுத்த மழையிலேயே முளைக்கும். தென்மாவட்டங்களில் இம்மரத்தைக் கரிமூட்டம் போட்டு வாழும் குடும்பங்களும் உள்ளன. அவர்களுக்கான மாற்று வாழ்வாதாரம் அகற்றும் திட்டத்தின் பகுதியாகவே வகுக்கப்பட வேண்டும்.